பிளவு பின்னலை அழிக்கிறதா? குவாண்டம் புள்ளியிலிருந்து ஃபோட்டான் இணை பெறுவது பற்றி ஒரு பதில்

பெங்களூருவில் இயற்பியல் முதுகலை இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. "படிகத்தைக் கொண்டு பின்னிய ஃபோட்டான் இணைகளை உண்டாக்கும் சோதனையைப் பார்த்தேன். சாதாரண மேசையின் மேல், அறை வெப்பநிலையில் நடக்கிறது. அப்படியிருக்க, நான்கு கெல்வின் வரை குளிரவைக்க வேண்டிய குறைக்கடத்திக் குவாண்டம் புள்ளியை ஏன் இத்தனை பேர் துரத்துகிறார்கள்? நுண்ணமைப்புப் பிளவு இருந்தால் பின்னல் அழிந்துவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். பிளவே இல்லாத புள்ளி எங்காவது கிடைக்குமா? என் திட்டப்பணிக்கு இரண்டில் எதை எடுத்துக்கொள்ளலாம்?"

தம்பி, உங்கள் நடுக்கேள்வியில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. பின்னல் என்பது இரண்டு ஃபோட்டான்களின் நிலை தனித்தனியாகச் சொல்ல முடியாதபடி ஒன்றாகக் கட்டுண்டிருப்பது; நுண்ணமைப்புப் பிளவு என்பது புள்ளிக்குள் ஒரே ஆற்றலில் இருக்க வேண்டிய இரண்டு நிலைகள் சற்றே விலகி நிற்பது. வகுப்பில் சொன்னது பாதி சரி. பிளவு பின்னலின் கட்டத்தை, அதாவது அதில் சேர்ந்த இரண்டு பங்குகளுக்கு இடையிலான அலைக்கோணத்தை, சுழற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்க்காமல் எல்லா இணைகளையும் ஒரே குவியலாகக் கொட்டி அளந்துவிட்டு, பின்னல் அழிந்தது என்று சொல்பவர்கள் நாம்தான். அதைத் தெளிவாகச் சொல்வதற்கு முன் படிகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் வேண்டும்.

படிகத்தில் 405 நானோமீட்டர் ஊதா லேசர் ஃபோட்டான் ஒன்று, மிக அரிதாக, 810 நானோமீட்டர் கொண்ட இரண்டாகப் பிரிகிறது. எப்போது பிரியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. துடிப்பு லேசரைச் செலுத்தி, ஒரு துடிப்புக்குச் சராசரியாக 0.1 இணை வருமாறு திறனை வைத்தால், பாய்சான் கணக்குப்படி நூற்றில் ஏறத்தாழ 90 துடிப்புகள் வெறுமையாகப் போகும். 9 துடிப்புகளில் ஓர் இணை வரும். ஏறத்தாழ இருநூறில் ஒரு துடிப்பில் இரண்டோ அதற்கு மேலோ வந்துவிடும். இரண்டு இணைகள் சேர்ந்து வரும்போது ஒன்றின் இடப்பாதியும் மற்றொன்றின் வலப்பாதியும் ஜோடி போல உணரிகளில் விழும். அவற்றுக்கிடையே எந்த உறவும் இல்லை. வெளிச்சம் வேண்டுமென்று திறனைக் கூட்டினால் இந்தக் கலப்படம் வர்க்க விகிதத்தில் கூடும். ஆகவே படிகத்தில் வெளிச்சமும் தூய்மையும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஓர் இணையோடு நிற்கும் சோதனைக்கு இது குறையே அல்ல. ஆனால் நான்கு மூலங்கள் ஒரே துடிப்பில் ஒருசேர இணை கொடுக்க வேண்டும் என்றால், 0.1 என்ற வாய்ப்பை நான்கு முறை பெருக்க வேண்டும். பத்தாயிரம் துடிப்புக்கு ஒரு முறைதான் அது வாய்க்கும். குவாண்டம் வலையமைப்பைக் கனவு காண்பவர்கள் படிகத்தோடு நிறைவடையாததற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். கேட்டபோது ஒன்று, ஒன்றே ஒன்று என்று இணை கொடுக்கும் மூலம் அவர்களுக்கு வேண்டும்.

குவாண்டம் புள்ளி அப்படிப்பட்ட மூலமாக முடியும். 2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த புள்ளிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் பரிசு தேடித்தந்த புள்ளிகளில் புகழ்பெற்றவை கரைசலில் மிதக்கும் நுண்துகள்கள். நமக்கு வேண்டியது வெற்றிடக் கலத்துக்குள் அணு அடுக்காக வளர்த்த குறைக்கடத்திக்குள் புதைந்து கிடக்கும் புள்ளி. இதில் இரண்டு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும். காலியம் ஆர்சனைடின் மேல் இண்டியம் ஆர்சனைடைப் படியவிட்டால், இரண்டின் அணிக்கோவை (அணுக்கள் அடுக்கியிருக்கும் இடைவெளி) அளவும் ஏறத்தாழ 7 விழுக்காடு பொருந்தாமல் போவதால், ஒன்றிரண்டு அடுக்குகளுக்கு மேல் அது சமமாகப் படிய மறுத்து, தானாகவே சிறு மேடுகளாகத் திரள்கிறது. இன்னொரு குடும்பம் நம் ஊர் குழிப்பணியாரச் சட்டியை நினைவூட்டும். அலுமினியம் காலியம் ஆர்சனைடின் பரப்பில் அலுமினியத் துளிகளை விழவிடுகிறார்கள். துளி தன் அடியிலுள்ள படிகத்தைக் கரைத்து ஒரு குழி பறிக்கிறது. அந்தக் குழியைக் காலியம் ஆர்சனைடால் நிரப்பி, மேலே மீண்டும் அலுமினியம் காலியம் ஆர்சனைடை மூடிவிடுகிறார்கள். முதல் குடும்பத்துப் புள்ளிகள் பெரும்பாலும் 900 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். இரண்டாம் குடும்பத்தவை 780 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். அணிக்கோவை பொருந்தும் பொருள்களால் ஆனதால் குழிப்புள்ளிக்குள் இறுக்கம் மிகக் குறைவு. குழியும் வட்டத்துக்கு மிக நெருக்கமாக அமைகிறது. இந்த வட்டத்தன்மை நம் கதையில் பெரிய பாத்திரம்.

புள்ளிக்குள் ஓர் எலக்ட்ரானையும், எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமான ஒரு துளையையும் அடைத்தால் அது எக்ஸைட்டான். இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு துளையையும் அடைத்தால் பைஎக்ஸைட்டான். பவுலி விதியின்படி எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடும், துளைகளும் அவ்வாறே எதிரெதிராகவும் அமர்வதால், பைஎக்ஸைட்டானின் மொத்தக் கோண உந்தம் சுழி. அது இரண்டு படிகளில் இறங்குகிறது: முதலில் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து எக்ஸைட்டானாகிறது, பிறகு இன்னொரு ஃபோட்டானை உமிழ்ந்து வெறும் புள்ளியாகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் கோண உந்தம் சுழி என்பதால், முதல் ஃபோட்டான் வலஞ்சுழித் தளவிளைவோடு (தளவிளைவு என்பது ஒளியின் அதிர்வு அமையும் திசை) போனால் இரண்டாவது இடஞ்சுழியாகத்தான் போக வேண்டும். முதலாவது இடஞ்சுழியானால் இரண்டாவது வலஞ்சுழி. இறங்குவதற்கு இப்படி இரண்டு வழிகள் இருந்து, எந்த வழியில் இறங்கியது என்று சொல்லும் தடயம் உலகில் எங்கும் இல்லாவிட்டால், வெளிவந்த இணை இரண்டு வழிகளின் மேற்பொருந்தலாக நிற்கிறது. பின்னல் என்பது அதுதான். எண்ணம் பழையது. ஃப்ரீட்மனும் கிளாசரும் 1972-லும், அஸ்பே 1981, 1982 ஆண்டுகளிலும் பின்னல் உண்மையா என்று காட்டும் பெல் சமனின்மையைச் சோதித்தபோது கால்சியம் அணுவின் இதே போன்ற இரண்டு படி இறக்கத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அதைக் குறைக்கடத்திப் புள்ளிக்குள் நிகழ்த்தலாம் என்ற முன்மொழிவை பென்சன், சந்தோரி, பெல்ட்டன், யமமோட்டோ ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

முன்மொழிந்து ஆறு ஆண்டுகள் எவராலும் செய்துகாட்ட முடியவில்லை. ஏனென்றால் அணுவைப் போலப் புள்ளி உருண்டையாக இல்லை. எக்ஸைட்டானில் எலக்ட்ரானும் துளையும் ஒன்றோடொன்று கொள்ளும் பரிமாற்ற இடைவினை, புள்ளியின் கோணலை உடனே உணர்ந்துகொள்கிறது. புள்ளி ஒரு பக்கம் நீண்டிருந்தாலும், ஒரு திசையில் இறுக்கப்பட்டிருந்தாலும், ஒரே ஆற்றலில் இருக்க வேண்டிய இரண்டு எக்ஸைட்டான் நிலைகளும் பிரிந்து, ஒன்று கிடைத் தளவிளைவோடும் மற்றொன்று செங்குத்துத் தளவிளைவோடும் ஒளிரத் தொடங்குகின்றன. இந்த இடைவெளிதான் நுண்ணமைப்புப் பிளவு. இண்டியம் ஆர்சனைடுப் புள்ளிகளில் அது சாதாரணமாகப் பத்து, இருபது, முப்பது மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் இருக்கும். ஃபோட்டானின் ஆற்றல் ஒன்றரை எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கும்போது இது லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான், கண்ணுக்குத் தூசு. ஆனால் வழியைக் காட்டிக்கொடுக்க அந்தத் தூசு போதும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மேலே சுழிகளில் சொன்ன மேற்பொருந்தலைக் கிடை, செங்குத்து என்றும் எழுதலாம். பிளவு இருக்கும்போதும் இணையின் நிலை, "கிடை–கிடை" என்பதும் "செங்குத்து–செங்குத்து" என்பதும் சம பங்கில் சேர்ந்த மேற்பொருந்தலாகவே இருக்கிறது. ஆனால் முதல் ஃபோட்டான் போனபின் எக்ஸைட்டான் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ, அவ்வளவு நேரத்துக்கு இரண்டு பங்குகளுக்கும் இடையே ஒரு கட்டக் கோணம் சேர்கிறது. பிளவு 1 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் அந்தக் கோணம் ஒரு முழுச்சுற்று வர 4.1 நானோநொடி ஆகும். 10 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் 0.41 நானோநொடி போதும். ஒவ்வொரு கணத்திலும் இணை முழுமையாகப் பின்னியே இருக்கிறது. பின்னலின் முகம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. எக்ஸைட்டான் எப்போது அழியும் என்பது தற்செயல் என்பதால், காலத்தைக் குறிக்காமல் ஆயிரக்கணக்கான இணைகளைச் சேர்த்து அளந்தால், எல்லாக் கோணங்களும் கலந்து சராசரியில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பம்பரத்தின் மேல் வரைந்த கோலம் சுற்றும்போது சாம்பல் நிறமாகத் தெரிவதைப் போல என்று சொல்லலாம். கோலம் கலையவில்லை, நம் கண் மெதுவானது.

கலப்பு எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். பிளவை எக்ஸைட்டானின் ஆயுளால் பெருக்கி, குறைத்த பிளாங்க் மாறிலியால், அதாவது 0.658 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்-நானோநொடியால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டித் தலைகீழாக்கி, அதனோடு மீண்டும் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால், வேறு குறை எதுவும் இல்லாத மூலத்தின் ஃபிடெலிட்டி, அதாவது இலட்சியப் பின்னல் நிலையோடு அதற்கு உள்ள ஒற்றுமை, கிடைத்துவிடும். ஒன்று என்றால் முழுப் பின்னல், 0.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் பின்னல் இருக்கிறது என்று அந்த அளவீட்டைக் கொண்டு சொல்ல முடியாது. பழைய வகை இண்டியம் ஆர்சனைடுப் புள்ளிக்கு ஆயுள் 1 நானோநொடி, பிளவு 10 என்று வைத்தால் விடை 0.502, ஒன்றுமே இல்லை. பிளவை 1-க்குக் குறைத்தாலும் 0.65-தான். குழிப்புள்ளிக்கு ஆயுள் 0.2 நானோநொடி அளவே. அதில் பிளவு 1 என்றால் விடை 0.96. அதே குழிப்புள்ளியில் பிளவு 5 ஆனால் மீண்டும் 0.65-க்கு வந்துவிடுகிறது. இதிலிருந்து, பிளவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை, பிளவும் ஆயுளும் சேர்ந்த பெருக்கமே தீர்மானிக்கிறது என்பது தெரிகிறது. பிளவே இல்லாத புள்ளி எங்கே என்று தேடுவதைவிட, கட்டம் சுற்றுவதற்குள் இரண்டாவது ஃபோட்டான் வெளியேறிவிடும் புள்ளி எது என்று கேட்பது பயனுள்ள கேள்வி. இதை முதலிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் வராது என்பது என் எண்ணம்.

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் டோஷிபா ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன்சனும் உடனிருந்தவர்களும் பிளவை மிகச் சிறிதாக்கிய புள்ளியிலிருந்து பின்னிய இணையைப் பெற்றதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு இஸ்ரேலின் டெக்னியனில் அகோபியன் குழுவினர் வேறு வழியில் போனார்கள்: பிளவு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு வழிகளின் நிறமாலையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் குறுகிய பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்தார்கள். இந்த வடிகட்டும் முறையில் பெரும்பாலான ஃபோட்டான்கள் வடிகட்டியிலேயே போய்விடும் என்றாலும், வழித்தடயம் மறைந்தால் பின்னல் வெளிப்படும் என்பதை அது நிறுவிக் காட்டியது. காலத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளும் மூன்றாவது வழியும் உண்டு. உணரியின் காலத் துல்லியம் சில பத்து பிக்கோநொடி என்றால், 10 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் பிளவுள்ள புள்ளியிலும் கட்டம் சுற்றுவதை ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, ஒவ்வொரு துண்டிலும் பின்னல் உயர்ந்தே இருப்பதைக் காணலாம். பிளவு பின்னலை அழிப்பதில்லை என்று மேலே நான் சொன்னதற்கு நேரடிச் சான்று அதுவே.

ஆனாலும் வலையமைப்புக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் நேரச் சீட்டு ஒட்டி அனுப்புவது தொல்லை. பிளவைக் குறைப்பதே நல்லது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோணிப்போன கயிற்றுக் கட்டிலை ஒரு மூலையில் மட்டும் தட்டிச் சரிசெய்ய முடியாதல்லவா. எந்தத் திசையில் கோணியிருக்கிறதோ அந்தத் திசைக்கு ஏற்ப இன்னொரு மூலையையும் தட்ட வேண்டும். புள்ளியின் கோணலுக்கும் அளவு ஒன்று, திசை ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. மின்புலம் மட்டுமோ, ஒரு திசை இறுக்கம் மட்டுமோ கொடுத்தால், பிளவு ஓர் எல்லை வரை குறைந்து, பிறகு மீண்டும் ஏறத் தொடங்கிவிடும். ட்ரோட்டா, ராஸ்டெல்லி முதலியோர் 2012-இல், மின்னழுத்தத்தால் நீண்டு சுருங்கும் அழுத்தமின் தகட்டின் மேல் புள்ளியை ஒட்டி, இறுக்கம், மின்புலம் என்ற இரண்டு திருகுகளையும் சேர்த்துத் திருப்பினால் எந்தக் கோணல் புள்ளியிலும் பிளவைச் சுழிக்குக் கொண்டுவரலாம் என்று காட்டினார்கள். அந்த வழியில், இறுக்கத்தால் சரிசெய்த குழிப்புள்ளி ஒன்றிலிருந்து 2018-இல் ஹூபரும் உடனிருந்தவர்களும் 0.978 ஃபிடெலிட்டி பெற்றார்கள். ஆக, உங்கள் கேள்விக்கு விடை: பிளவில்லாப் புள்ளி தேடிக் கிடைப்பது அரிது, திருகித் திருத்திச் செய்துகொள்வது நடைமுறையில் முடிந்திருக்கிறது.

புள்ளியை எப்படித் தூண்டுகிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். தொடக்க காலத்தில், புள்ளியைச் சுற்றியுள்ள பொருளில் லேசரால் மின்னூட்டங்களைக் கொட்டி, அவற்றில் சில புள்ளிக்குள் விழும் என்று காத்திருந்தார்கள். எத்தனை விழும், எப்போது விழும் என்பது நிச்சயமில்லை; சுற்றிலும் அலையும் மின்னூட்டங்களால் கோடுகளும் நடுங்கும். இப்போதைய வழி இரு-ஃபோட்டான் ஒத்ததிர்வுத் தூண்டல். பைஎக்ஸைட்டானின் மொத்த ஆற்றலில் சரிபாதியில் லேசரை வைத்தால், இரண்டு லேசர் ஃபோட்டான்கள் ஒருசேர உறிஞ்சப்பட்டு, வெறும் புள்ளி நேராகப் பைஎக்ஸைட்டானாகிறது. துடிப்பின் வலிமையைச் சரியாக வைத்தால் ஏறத்தாழ ஒவ்வொரு துடிப்பிலும் இது நடக்கும். இதற்குப் பின்னால் ஓர் அழகு இருக்கிறது. பைஎக்ஸைட்டானின் கட்டுறு ஆற்றலால் முதல் ஃபோட்டானும் இரண்டாம் ஃபோட்டானும் வெவ்வேறு நிறம். லேசர் இரண்டுக்கும் நட்டநடுவில் உட்கார்கிறது. குழிப்புள்ளியில் கட்டுறு ஆற்றல் 4 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்றால், 780 நானோமீட்டரில் இரண்டு கோடுகளும் 2 நானோமீட்டர் விலகி நிற்கும். லேசர் ஒவ்வொன்றுக்கும் 1 நானோமீட்டர் தள்ளி இருக்கும். குறுகிய தடுப்பு வடிகட்டியால் லேசரை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம்.

இவ்வகைத் தூண்டலில் ஒரே துடிப்பில் இரண்டு இணை வருவது மிக மிக அரிது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் துடிப்பு போய்விடுவதால் மறுபடி ஏற வாய்ப்பில்லை. 2018-இல் வெளியான அளவீடு ஒன்றில், குழிப்புள்ளியின் ஒரு கோட்டில் ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான் வரும் வாய்ப்பைக் காட்டும் ஒப்புறவு எண் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தது. படிகத்தால் எட்ட முடியாத இடம் இதுதான். ஆனால் லேசர் துடிப்பு இருக்கும் வரை அதன் புலமே எக்ஸைட்டான் நிலைகளைத் தற்காலிகமாகப் பிளக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துடிப்பு நீண்டால் பின்னல் சற்றுக் குறையும்.

இணையை, புள்ளி புதைந்திருக்கும் குறைக்கடத்திக்கு வெளியே கொண்டுவருவதுதான் அடுத்த தலைவலி. காலியம் ஆர்சனைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5. மேற்பரப்பை 16, 17 பாகைக்கு மேல் சாய்ந்து தொடும் ஒளியெல்லாம் முழு அக எதிரொளிப்பில் உள்ளேயே மாட்டிக்கொள்வதால், சமதள மேற்பரப்பு வழியே நூற்றில் இரண்டு ஃபோட்டான்தான் வெளியே வரும். நமக்கு இரண்டும் வேண்டும் என்பதால் 0.02-ஐ வர்க்கமாக்க வேண்டும். பத்தாயிரத்தில் நான்கு இணைகள். ஒற்றை ஃபோட்டான் மூலம் செய்பவர்களுக்கு இந்த வர்க்கத் துன்பம் இல்லை. குறுகிய ஒத்ததிர்வுக் குழி (புள்ளி பிறந்த குழி அல்ல, ஒளியைச் சிறைப்பிடிக்கும் அமைப்பு) கட்டினால் ஒரு நிறத்துக்கு மட்டும் கதவு திறக்கும். இரண்டு நிறங்களுக்கும் திறப்பதற்காக, 2010-இல் பிரான்சில் டூஸ், செனெலார் குழுவினர் இரண்டு நுண்தூண்களை ஒட்டவைத்து ஒரு மூலக்கூறு போல ஆக்கினார்கள். பிற்பாடு, புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாகப் பள்ளம் வெட்டிய அகலப்பட்டைக் குழிகள் வந்தன. 2019-இல் லியூவும் உடனிருந்தவர்களும் அப்படிப்பட்ட அமைப்பில் இணையை வெளியே எடுக்கும் வாய்ப்பு 0.65, ஃபிடெலிட்டி 0.88 என்று அறிவித்தார்கள். பத்தாயிரத்தில் நான்கிலிருந்து 6,500-க்கு வந்தது ஒன்பது ஆண்டுகளில் நடந்த மாற்றமல்ல, ஒரு குழியின் வடிவத்தில் நடந்த மாற்றம். குழி மற்றொரு வரமும் தரும்: உமிழ்வை விரைவுபடுத்தி ஆயுளைக் குறைக்கிறது. மேலே போட்ட பெருக்கத்தில் இது எங்கே போய் உட்காரும் என்று உங்களுக்கே தெரியும்.

எஞ்சியிருக்கும் குறைகளில் அணுக்கருத் தற்சுழற்சி ஒன்று. காலியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் மூன்றின்கீழ் இரண்டு, இண்டியத்துக்கு ஒன்பதின்கீழ் இரண்டு. புள்ளிக்குள் இருக்கும் பல்லாயிரம் அணுக்கருக்கள் உண்டாக்கும் தாறுமாறான காந்தப்புலம் எக்ஸைட்டானின் கட்டத்தைக் கலைக்கும். இதற்கும் மருந்து அதே குறுகிய ஆயுள்தான். இன்னொரு குறை இந்த இரண்டு படி இறக்கத்தின் இயல்பிலேயே இருப்பது. பைஎக்ஸைட்டானின் ஆயுள் எக்ஸைட்டானின் ஆயுளில் ஏறத்தாழ பாதி என்பதால், முதல் ஃபோட்டான் எப்போது போனது என்ற தற்செயல் இரண்டாவதன் மேல் ஏறிவிடுகிறது. இரண்டு இணைகளிலிருந்து ஒவ்வொரு ஃபோட்டானை எடுத்துக் கண்ணாடியில் மோதவைக்கும் ஹோங்-ஊ-மேண்டல் சோதனையில், அவற்றின் ஒத்தன்மை இந்த ஆயுள் விகிதத்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. இரண்டு இணைகளைக் கோத்துப் பின்னலை நீட்டும் பின்னல் பரிமாற்றத்துக்கு இது நேரடி இடையூறு. முதல் படியை மட்டும் விரைவுபடுத்தும் குழி கட்டினால் விகிதம் மாறும். ஆர்வமுள்ளவர்கள் வேலை செய்ய வேண்டிய இடம் இது.

குளிர்ப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான்கு கெல்வின் இன்று பெரிய மலை அல்ல; மூடிய சுற்று ஹீலியம் கருவி சுவிட்சைப் போட்டால் ஓடும். தலைவலி எங்கே என்றால், நான் சில ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், ஏப்ரல் மாதத்துப் பெங்களூரு மாலை மழைக்கு மின்சாரம் போனது. லேசருக்கும் கணினிக்கும் மின்சேமிப்பு இருந்தது. ஹீலியத்தை அழுத்தும் அமுக்கியைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்புக்கு இருக்கவில்லை. அமுக்கி நின்றது, அதன் நொடிக்கு ஒரு தட்டும் நின்றது. அந்தச் சத்தத்தோடு பல மாதம் பழகியவர்களுக்கு அது நின்ற அமைதிதான் முதல் எச்சரிக்கை. மறுநாள் மீண்டும் குளிர்த்தபோது மாதிரி சில மைக்ரோமீட்டர் நகர்ந்திருந்தது. பல வாரம் இறுக்கம் திருகித் திருத்தியிருந்த புள்ளி எது என்று அண்டைப் புள்ளிகளின் நிறமாலையை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க மூன்று நாள் போனது. கண்டுபிடித்த பின்னும் பிளவு பழைய மதிப்பில் இல்லை.

நகர அளவில் இதை அனுப்பலாமா என்றால், நிறம் குறுக்கே நிற்கிறது. 780 நானோமீட்டர் ஒளிக்கு ஒளியிழையில் கிலோமீட்டருக்கு 3 டெசிபல் அளவில் இழப்பு, 1550-க்கு 0.2 டெசிபல். மல்லேஸ்வரத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு இழை போட்டால் எப்படியும் 20 கிலோமீட்டருக்குக் குறையாது. முதல் நிறத்தில் 60 டெசிபல் போய், பத்து லட்சத்தில் ஒரு ஃபோட்டான் சேரும். இரண்டாவதில் பத்தில் நான்கு சேரும். 2021-இல் ரோமிலும் ஆஸ்திரியாவின் லின்ஸிலும் குழிப்புள்ளி இணைகளைக் கொண்டு இரகசியச் செய்திக்கான சாவி பரிமாறிய சோதனைகள் வளாகத்துக்குள், சில நூறு மீட்டர் இழையோடு நின்றதற்கு இது ஒரு காரணம். இண்டியம் பாஸ்பைடின் மேல் வளர்த்த புள்ளிகள் 1550-இல் ஒளிரும். அவற்றிலிருந்தும் பின்னிய இணைகள் வந்துவிட்டன, ஆனால் தூய்மை இன்னும் குழிப்புள்ளியின் அளவுக்கு வரவில்லை. நம் ஊரில் சதாசிவநகர் ராமன் ஆய்வு நிறுவனம் இஸ்ரோவோடு சேர்ந்து காற்றுவெளியில் நடத்திய குவாண்டம் சாவிப் பரிமாற்ற வேலை படிக மூலத்தையே அடிப்படையாகக் கொண்டது. இன்றைய தேவைக்கு அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குக் கணினியும், சென்னை ஐஐடிக்குத் தகவல்தொடர்பும், டெல்லி ஐஐடிக்குப் பொருள்களும் கருவிகளும் பிரிந்திருக்கின்றன. புள்ளி வளர்ப்பவரும் இழை இழுப்பவரும் ஒரே ஊரில் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டப்பணிக்கு ஆறு மாதமே உண்டு என்றால், பின்னலை அளக்கும் கைப்பழக்கத்தைப் படிகத்திலேயே பெறுங்கள். பதினாறு தளவிளைவு அமைப்புகளில் எண்ணி, இணையின் நிலையை முழுமையாகச் சொல்லும் அடர்த்தி அணியைக் கட்டும் முறை இரண்டு மூலங்களுக்கும் ஒன்றுதான். குளிர்விப்பானும் நிறமாலைமானியும் கிடைக்கிற ஆய்வகத்தில் இடம் கிடைத்தால், பின்னலைத் தொடாமல் பிளவை மட்டும் அளந்து வாருங்கள். நிறமாலைமானியின் பிரிதிறன் இருபது முப்பது மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் என்றாலும் கவலை வேண்டாம். அரை-அலைத் தகட்டைச் சில பாகை சில பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கோட்டின் மையத்தைப் பொருத்திக் குறித்தால், 90 பாகைக்கு ஒரு முழு அலையாக மையம் ஆடும். எக்ஸைட்டான் கோடு மேலே போகும்போது பைஎக்ஸைட்டான் கோடு கீழே வரும். இரண்டின் வித்தியாசத்தை வரைந்தால் கருவியின் நகர்வு கழிந்துபோய், ஆட்டம் இரட்டிப்பாகத் தெரியும். ஒரு மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே துல்லியம் கிடைக்கும். பக்கத்தில் மின்னூட்டம் பெற்ற எக்ஸைட்டானின் கோடு ஒன்றும் இருக்கும். அதற்குப் பிளவு கிடையாது. எனவே அது ஆடக் கூடாது. அதுவும் ஆடினால், புள்ளியைக் குறை சொல்வதற்கு முன் தகடு கற்றையைச் சாய்க்கிறதா என்று பாருங்கள்.